வேலை போன பிறகு ஒரு நாடகக்காரர்

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தாலே நமக்கெல்லாம் ஒரு வாரம் தூக்கம் வராது. ஓய்வு பெறும் வயதில் வேலையே போனால்? பிரெஞ்சு நடிகர், இயக்குநர் ழான் லூயி பரோவுக்கு அதுதான் நடந்தது.

1910-ல் பிறந்தவர். ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ் இருந்தபோது எடுக்கப்பட்டு, 1945-ல் வெளிவந்த 'சொர்க்கத்தின் பிள்ளைகள்' படத்தில் ஊமைக்கூத்துக் கலைஞராக நடித்துப் புகழ்பெற்றார். 1946-ல் மனைவி மதலேன் ரெனோவுடன் சொந்தக் குழு தொடங்கினார். 1959-ல் அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அவரைப் பாரிசின் ஓதேயோன் அரங்குக்கு இயக்குநராக்கினார்.

1968 மே மாதம் மாணவர்கள் கிளர்ச்சி செய்து அந்த அரங்கைப் பிடித்துக்கொண்டார்கள். நாடக உடைகளெல்லாம் நாசம். பரோவோ மாணவர்களை விரட்டாமல் பேசிப் பார்த்தார். அரசுக்குக் கோபம். நியமித்த அதே மால்ரோ பதவியைப் பறித்தார்!

மனிதர் மூலையில் உட்காரவில்லை. அதே வருட டிசம்பரில், மல்யுத்தம் நடக்கும் கொட்டகை ஒன்றில் 'ரபெலே' நாடகம் போட்டார். கூட்டம் அலைமோதியது. பிறகு 1972-ல், பயன்பாட்டில் இல்லாத ஓர்சே ரயில் நிலையத்துக்குள் அரங்கம் அமைத்தார். 1981-ல் ரோன்-புவான் அரங்கம். 1994-ல் காலமானார்.

ஓதேயோன் அரசாங்கத்துடையது, போய்விட்டது. மனைவியோடு கட்டிய குழு போகவில்லை. அடுத்த ஆர்டர் வரும்போது இவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.