சிலம்பம்: வகுப்பில் கற்றது வீட்டில் நிலைக்க

தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் ஆலய மண்டபங்களிலும் சனி, ஞாயிறுகளில் சிலம்ப வகுப்பு நடப்பது மலேசியாவில் இன்று வழக்கமான காட்சி. ஆர்வத்தோடு சேர்ந்து, சில மாதங்களிலேயே நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. ‘இன்னும் காலடிதான் போடச் சொல்கிறார், கம்பைச் சுற்றவே விடவில்லை’ என்பது அவர்கள் வீட்டில் சொல்லும் குறை. கட்டணமும் கட்டி, வார இறுதியையும் ஒதுக்கிய பெற்றோருக்கு அந்தக் குறை நியாயமாகவே படும்.

தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களோடு மலாயாவுக்கு வந்த கலை இது. அன்று ஆசான் பெரும்பாலும் அதே தோட்டத்துக்காரர். மாலையில் பால்மரக் காட்டு வேலை முடிந்தபின் பழகுவார்கள். தவறாகக் கால் வைத்தால் மறுநாளே திருத்த ஆள் இருந்தது. இப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் பயிற்சி. சனிக்கிழமை கற்றதில் பாதி அடுத்த சனிக்குள் மறந்துபோகிறது. வகுப்பின் முதல் அரை மணி நேரம் பழையதை மீட்டெடுப்பதிலேயே கழிகிறது. ஆகவே வகுப்புக்குத் தவறாமல் போவது மட்டும் போதாது. இடையிலுள்ள ஆறு நாட்களில் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த ஆறு நாட்களுக்கு ஏற்றது, பிள்ளைகள் சலித்துக்கொள்ளும் அதே காலடிதான். கம்பின் வீச்சுக்கு வலு தோளிலிருந்து மட்டும் வருவதில்லை. கால் மாறும்போது இடுப்பு திரும்புகிறது, இடுப்போடு தோள் வருகிறது, கடைசியில்தான் மணிக்கட்டு. நின்ற இடத்திலேயே கம்பைச் சுழற்றப் பழகிய பிள்ளைக்கு எதிரில் ஒருவர் வந்து நின்றால் கை ஓடாது. அடியை எட்டவும் முடியாது, வரும் அடியிலிருந்து விலகவும் முடியாது. பல ஆசான்கள் காலடியை முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான். மேலும், ஒரு பழக்கத்தைப் புதிதாகக் கற்பதைவிடத் தவறாகப் பதிந்த ஒன்றை மாற்றுவது கடினம்.

காலடிக்குக் கம்பு வேண்டாம், திடல் வேண்டாம். அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் நாற்காலிகளைத் தள்ளிவிட்டால் இடம் கிடைத்துவிடும். தரையோடுகளின் கோடுகளையே அளவாக வைத்துக்கொண்டு முன், பின், பக்கவாட்டு, திருப்பம் என்று வெறுங்காலில் பழகலாம். முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். நகரும்போது தலை மேலும் கீழும் எகிறக் கூடாது. தினம் 10 முதல் 15 நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை இரவு மொத்தமாக ஒரு மணி நேரம் பழகுவதைவிட, அதே நேரத்தைப் பல நாட்களுக்குப் பிரித்துப் பழகினால் நன்றாகப் பதியும். இது சிலம்பத்துக்கு மட்டுமன்றி, உடல் கற்கும் எல்லாத் திறனுக்கும் பொருந்தும். வகுப்பு முடிந்த அன்று மாலையே, கற்ற அடிவரிசையின் பெயரையும் எந்தக் கால் முதலில் என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது நல்லது. ஆசான் அனுமதித்தால் கைப்பேசியில் படம் பிடிக்கலாம். பார்க்கும்போது கம்பை விட்டுவிட்டுக் காலை மட்டும் பார்க்க வேண்டும்.

கம்பு கைக்கு வந்தபின் கவனிக்க வேண்டியது பிடி. புதியவர்கள் கம்பு நழுவிவிடும் என்ற பயத்தில் இறுகப் பிடிக்கிறார்கள்; முன்னங்கை வலித்து, சுழற்சி திக்கித் திக்கி நிற்கிறது. சுழலும்போது பிடி தளர்ந்தும் அடிக்கும் கணத்தில் இறுகியும் இருக்க வேண்டும். இதைக் காதாலேயே அறியலாம். ‘சிலம்புதல்’ என்றால் ஒலித்தல். கம்பின் ஓசையால்தான் கலைக்கே இப்பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. காற்றை வெட்டும் ஓசை சீராக வந்தால் மணிக்கட்டு சரியாகத் திரும்புகிறது. விட்டு விட்டு வந்தால் எங்கோ இறுகுகிறது. வலக்கைக்குக் கொடுக்கும் நேரத்தை இடக்கைக்கும் கொடுக்க வேண்டும். இதில் பெரும்பாலோர் சோம்பல்படுகிறார்கள்.

திருவிழா மேடையிலும் திருமண வரவேற்பிலும் கைதட்டல் வாங்குவது அலங்காரச் சிலம்பம். அதில் தவறில்லை, பிள்ளையின் கூச்சம் போகவும் உதவும். ஆனால் ஆண்டு முழுவதும் மேடைக்கான ஒத்திகையே நடந்தால், மாணவர் பாதிக் கலையைத்தான் கற்கிறார். எதிராளி எவ்வளவு தொலைவில் நிற்கிறார், அவர் தோள் அசையும்போது அடி எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் ஜோடியாகப் பழகினால் மட்டுமே வரும். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கும் பெற்றோர், ஜோடிப் பயிற்சி உண்டா, அப்போது மாணவர்களுக்கு இடையே போதிய இடைவெளி விடுகிறார்களா, தலைக்கும் முகத்துக்கும் பாதுகாப்பு என்ன என்று கேட்டுவிடலாம். கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை.

களைப்பும் வலியும் வேறு வேறு. புதிதாகச் சேர்ந்தவருக்குத் தொடையும் தோளும் இரண்டு நாள் வலிப்பது இயல்பு. மணிக்கட்டிலோ முழங்காலிலோ ஒரே இடத்தில் வலி நீடித்தால், அதிலும் வளரும் பிள்ளையாக இருந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகைமூட்டம் கூடிய நாட்களில் திறந்தவெளிப் பயிற்சி வேண்டாம்.

கம்பு பொதுவாக, தரையிலிருந்து மாணவரின் நெற்றி வரை உயரம் இருக்கும். ‘வளரும் பிள்ளைதானே’ என்று பள்ளிச் சீருடை வாங்குவதுபோல் நீளமாக வாங்கினால், நுனி தரையில் இடித்துச் சுழற்சி கெடும். மூங்கில் பிளந்தால் சிலாம்பு கையில் ஏறும்; பிரம்பு வளைந்துகொடுக்கும். ஆனால் அதுவும் வெயிலில் கிடந்தால் காய்ந்து நொறுங்கும். எனவே காரின் பின்பெட்டியில் போட்டுவைக்காமல், வீட்டில் நிழலில் வைத்து அவ்வப்போது எண்ணெய் தடவ வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் கம்பை முழு நீளமும் ஒரு துணியால் தடவிப் பார்ப்பது நல்லது. கீறல் இருந்தால் துணி சிக்கும். அந்தக் கம்பு வீட்டுத் தோட்டத்தில் அவரைக்கொடிக்கு ஆகும், ஜோடிப் பயிற்சிக்கு ஆகாது.