டிராக்பேட், கைரோ கன்ட்ரோலர்களின் வரலாறும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடமும்

டிராக்பேட், கைரோ கன்ட்ரோலர் என்பது கணினி விளையாட்டுகளை ஆடுவதற்குப் பயன்படும் ஒருவகைக் கைக்கருவி. வழக்கமான கன்ட்ரோலரில் உள்ள பொத்தான்களோடும் குச்சியோடும், விரலின் நகர்வை அறியும் தொடுபரப்பும் (டிராக்பேட்), கருவி எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதை அறியும் உணரியும் (கைரோ) இதில் இருக்கும். மவுஸ் இல்லாமல் மவுஸின் துல்லியத்தைப் பெறுவதே இதன் நோக்கம்.

இந்த இரண்டு பாகங்களும் விளையாட்டுத் துறையில் பிறந்தவை அல்ல. டிராக்பேட் மடிக்கணினியிலிருந்து வந்தது. கைரோ காரிலும் கைபேசியிலும் மலிவாகிப் பின்னர் விளையாட்டுக்கு வந்தது. மடிக்கணினி, கைபேசி, வாகனம் ஆகிய மூன்றும் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து உற்பத்தியாகும் இடம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி. ஆகவே இந்தக் கருவியின் வரலாற்றையும் அந்தப் பகுதியின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும்போது, ஒரு பொருளை ஒன்றுசேர்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் உள்ள இடைவெளி தெளிவாகத் தெரிகிறது.

குச்சிக்கும் மவுஸுக்கும் உள்ள வேறுபாடு

வீட்டு விளையாட்டுக் கருவிகளின் தொடக்கக் காலத்தில் ஜாய்ஸ்டிக் பரவலாக இருந்தது. 1982இல் நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் வடிவமைத்த சிலுவை வடிவத் திசைப்பொத்தான் அதன் இடத்தைப் பிடித்தது. முப்பரிமாண விளையாட்டுகள் வந்தபோது 1996இல் நிண்டெண்டோ 64 கருவியும், 1997இல் சோனியின் டூயல்ஷாக்கும் கட்டைவிரலால் அசைக்கும் அனலாக் குச்சியைப் பரவலாக்கின.

கணினியில் வேறு வழக்கம் உருவானது. 1996இல் வெளியான குவேக் போன்ற விளையாட்டுகளில் ஒரு கை விசைப்பலகையிலும் மறு கை மவுஸிலும் இருக்கும்படி ஆடும் முறை நிலைபெற்றது.

இரண்டும் அடிப்படையிலேயே வேறுபட்டவை. மவுஸை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினால் திரைப்பார்வை அதற்கேற்ற தூரம் நகர்ந்து நின்றுவிடும். கை சென்ற தூரமே பார்வை செல்லும் தூரம். குச்சி அப்படி இயங்குவதில்லை. அதைச் சாய்த்துப் பிடிக்கும்வரை பார்வை திரும்பிக்கொண்டே இருக்கும். சாய்வின் அளவு வேகத்தை மட்டுமே தீர்மானிக்கும். சரியான கணத்தில் குச்சியை விடாவிட்டால் குறி இலக்கைத் தாண்டிப் போய்விடும். இதை ஈடுசெய்யவே பல விளையாட்டுகள் குறியை இலக்கின் பக்கம் தாமாகவே இழுக்கும் உதவியைச் சேர்த்தன. மவுஸைப் போலத் தூரத்தை நேரடியாக அறியும் ஒரு பாகத்தைக் கைக்கருவிக்குள் வைக்க முடியுமா என்ற கேள்விக்குக் கிடைத்த இரண்டு விடைகளே டிராக்பேடும் கைரோவும்.

டிராக்பேட்: மடிக்கணினியின் கொடை

டிராக்பேடின் மேற்பரப்புக்கு அடியில் மெல்லிய மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டிருக்கும். விரல் அருகில் வரும்போது அந்த இடத்தில் மின்தேக்குத்திறன் மாறும். எந்தச் சந்திப்பில் மாற்றம் நிகழ்ந்தது என்பதிலிருந்து விரலின் இடம் கணக்கிடப்படும். ஜார்ஜ் கெர்ஃபைட் உருவாக்கிய இத்தகைய தொடுபரப்பை அவருடைய சிர்க் நிறுவனம் கிளைட்பாயிண்ட் என்ற பெயரில் விற்றது. 1994இல் ஆப்பிளின் பவர்புக் 500 வரிசை டிராக்பேடைத் தன்னுள்ளேயே கொண்டு வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மடிக்கணினிகளின் பொதுவான உறுப்பாக அது மாறியது.

ஸ்ரீபெரும்புதூருக்குக் கணினி உற்பத்தி 2007இல் டெல் நிறுவனத்தின் தொழிற்சாலை மூலம் வந்தது. மேசைக்கணினிகளோடு மடிக்கணினிகளும் இங்கே ஒன்றுசேர்க்கப்பட்டன. 2011இல் தமிழ்நாடு அரசு, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வெவ்வேறு தயாரிப்பாளர்களிடமிருந்து கொள்முதல் செய்து, பல இலட்சம் மடிக்கணினிகள் மாணவர்களைச் சென்றடைந்தன. வீட்டில் அதற்கு முன் கணினியே இல்லாத பலருக்கு, கையில் கிடைத்த முதல் சுட்டும் கருவி மவுஸ் அல்ல, டிராக்பேடுதான். மேசை தேவையில்லை, மடியில் வைத்தே இயக்கலாம் என்ற அதன் வசதிதான், பின்னர் அதைக் கன்ட்ரோலருக்குள் கொண்டுசெல்லத் தூண்டியது.

கைரோ: காரிலிருந்து கைபேசிக்கு

கைரோஸ்கோப் என்ற பெயரை 1852இல் பிரெஞ்சு அறிவியலாளர் லியோன் ஃபூக்கோ சூட்டினார். அவருடைய கருவியில் வேகமாகச் சுழலும் சக்கரம் இருந்தது. இன்று கைக்கருவிகளில் இருப்பது சுழலும் சக்கரம் அல்ல. சிலிக்கானில் செதுக்கப்பட்ட, இடைவிடாமல் அதிரும் நுண்ணிய அமைப்பு. கருவி திரும்பும்போது கொரியோலிஸ் விளைவால் அந்த அதிர்வு பக்கவாட்டில் சற்று விலகும். அந்த விலகலை அளந்தால் ஒரு நொடிக்கு எத்தனை பாகை திரும்புகிறது என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சிலிக்கான் கைரோவுக்குப் பெரிய சந்தையை முதலில் தந்த துறைகளில் ஒன்று வாகனத் துறை. 1995இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பை அறிமுகப்படுத்தின. ஓட்டுநர் திருப்பும் அளவுக்கும் வண்டி உண்மையில் திரும்பும் அளவுக்கும் வேறுபாடு வந்தால், தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக்கை இட்டு வண்டியைச் சீராக்குவது அதன் வேலை. 1997இல் சுவீடனில் நடந்த சோதனை ஒன்றில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்த மாதிரியின் எல்லாக் கார்களிலும் இந்த அமைப்பைப் பொருத்த நிறுவனம் முடிவெடுத்தது. 1998இல் பாஷ் சிலிக்கானில் செதுக்கிய திரும்பல் உணரியை வாகனங்களுக்காக உற்பத்தி செய்யத் தொடங்கியது.

அதே 1998இல்தான் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தன் சான்ட்ரோ காரின் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ரெனால்ட்–நிசான் கூட்டு ஆலையும், 2012இல் டைம்லரின் சரக்குந்து ஆலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. 2013இல் ராயல் என்ஃபீல்டு அங்கே உற்பத்தியைத் தொடங்கியது.

விளையாட்டில் கைரோ படிப்படியாக நுழைந்தது. 2006இல் வெளிவந்த நிண்டெண்டோ வீயின் கைக்கருவியில் முடுக்கத்தை அறியும் உணரி இருந்தது, கைரோ இல்லை. திரும்பலைத் துல்லியமாக அறிய 2009இல் மோஷன்பிளஸ் என்ற இணைப்பில் கைரோ சேர்க்கப்பட்டது. 2010இல் வெளிவந்த ஐபோன் 4 கைரோவைக் கைபேசிக்குள் கொண்டுவந்தது. கைபேசிகளின் எண்ணிக்கை பெருகியபோது கைரோவின் விலை வேகமாக இறங்கியது.

பொத்தான் கைபேசியிலிருந்து உணரிக் கைபேசிக்கு

இந்த மாற்றத்தின் தாக்கத்தை ஸ்ரீபெரும்புதூர் நேரடியாக அனுபவித்தது. நோக்கியா 2005இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்து, 2006 தொடக்கத்தில் இங்கே கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் இளம்பெண்கள். அந்தக் காலத்து நோக்கியாவின் அடையாளம் பொத்தான்களும், அவற்றால் ஆடிய பாம்பு விளையாட்டும்தான். தொடுதிரையும் உணரிகளும் கொண்ட கைபேசிகளின் போட்டியில் நோக்கியா பின்தங்கியது. 2013இல் எழுந்த வரித் தகராறால், கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையை இழந்தனர்.

2019இல் ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஐபோன் எக்ஸ்ஆர் மாதிரியை ஒன்றுசேர்க்கத் தொடங்கியது. மூடிக்கிடந்த நோக்கியா ஆலையை வாங்குவதாக அதே ஆண்டு சால்காம்ப் அறிவித்தது. பொத்தான் கைபேசி உருவான அதே பகுதியில், கைரோ பொருத்திய கைபேசி உருவாகத் தொடங்கியது.

தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் கைரோவால் குறிபார்ப்பதைக் கற்றதும் கைபேசியில்தான். 2018இல் வந்த பப்ஜி மொபைல், துப்பாக்கியின் குறியைக் கைபேசியைத் திருப்பியே நகர்த்தும் வசதியைத் தந்தது. 2020 செப்டம்பரில் இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது. 2021இல் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா அதன் இடத்தில் வந்தது. விரலால் பெருமளவு திருப்பி, மணிக்கட்டால் நுணுக்கமாகச் சரிசெய்யும் இந்தப் பழக்கமே கணினிக் கன்ட்ரோலரிலும் பயன்படுகிறது.

இரண்டும் ஒரே கருவியில்

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2013 செப்டம்பரில் ஸ்டீம் கன்ட்ரோலரை அறிவித்தது. முதல் வடிவத்தில் நடுவில் ஒரு தொடுதிரை இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. 2015 நவம்பர் 10 அன்று விற்பனைக்கு வந்த கருவியில் இரண்டு டிராக்பேடுகளும் ஒரு குச்சியும் கைரோவும் இருந்தன. விரல் நகரும்போது சிறு அதிர்வுகளைத் தந்து, உருளையைச் சுழற்றுவது போன்ற உணர்வை டிராக்பேடு ஏற்படுத்தியது. விலை ஏறத்தாழ 50 டாலர். 2016 ஜூன் அளவில் 5 இலட்சத்துக்கும் மேல் விற்றதாக நிறுவனம் தெரிவித்தது.

பயன்படுத்தும் முறை பெரும்பாலும் இதுதான்: வலது கட்டைவிரல் டிராக்பேடைத் தொட்டிருக்கும்போது மட்டும் கைரோ இயங்கும்படி அமைக்கப்படும். பெரிய திருப்பங்களுக்கு விரலும், கடைசி நுணுக்கத்துக்கு மணிக்கட்டும் பயன்படும். கட்டைவிரலை எடுத்தால் கைரோ நின்றுவிடும். மவுஸைத் தூக்கி வேறிடத்தில் வைப்பதுபோல, கைகளை மீண்டும் வசதியான நிலைக்குக் கொண்டுவரலாம்.

இந்தப் பழக்கம் உடனே கைவருவதில்லை. எந்தப் பொத்தான் எதைச் செய்யும், கைரோ எப்போது விழிக்கும் என்பதை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே அமைக்க வேண்டியிருந்தது. இந்தச் சிக்கலைப் பயனர்களே தீர்த்தனர். தாம் செய்த அமைப்புகளைப் பிறர் எடுத்துக்கொள்ளும்படி பகிர்ந்தனர். ஜிப் ஸ்மார்ட் என்ற நிரலாளர், குச்சியால் விரும்பிய திசைக்கு உடனே திரும்பி, மீதியைக் கைரோவால் சரிசெய்யும் ஃபிளிக் ஸ்டிக் முறையை உருவாக்கினார். 2018இல் வந்த லினக்ஸ் 4.18 கருநிரலில், தன்னார்வலர் ஒருவர் எழுதிய ஸ்டீம் கன்ட்ரோலர் இயக்கி சேர்க்கப்பட்டது.

2019 நவம்பரில் எஞ்சியிருந்த கருவிகள் 5 டாலருக்கு விற்கப்பட்டு, உற்பத்தி முடிவுக்கு வந்தது. பின்புறப் பொத்தான்கள் தொடர்பான காப்புரிமை வழக்கில் 2021இல் வால்வுக்கு எதிராக 40 இலட்சம் டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. ஆனால் யோசனை மறையவில்லை. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கணினியில் இரண்டு டிராக்பேடுகளும் கைரோவும் இடம்பெற்றன. 2025 நவம்பரில் வால்வ் புதிய ஸ்டீம் கன்ட்ரோலரை அறிவித்தது. அதிலும் இரண்டும் உள்ளன.

உருவாக்கும் கைகள்

முதல் ஸ்டீம் கன்ட்ரோலரை இல்லினாய் மாநிலத்தின் பஃபலோ குரோவில் உள்ள ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ் ஆலை தயாரித்தது. இயந்திரக் கைகளே பாகங்களைப் பொருத்தும் காட்சியை வால்வ் 2015இல் காணொளியாக வெளியிட்டது. அதே ஃபிளெக்ஸ்ட்ரானிக்ஸ் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலை நடத்துகிறது. ஒரு கன்ட்ரோலருக்கான உற்பத்தி எங்கே நடக்கும் என்பதைக் கூலி மட்டும் தீர்மானிப்பதில்லை, வடிவமைப்பாளரும் வாடிக்கையாளரும் எடுக்கும் முடிவும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்று.

ஸ்ரீபெரும்புதூரின் மின்னணு உற்பத்தி பெரிதும் மனித உழைப்பைச் சார்ந்தது. அந்த உழைப்பின் நிலைமை 2021 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். ஆலை தற்காலிகமாக மூடப்பட்டு, தங்குமிடங்களை மேம்படுத்துவதாக உறுதியளித்த பின் திறக்கப்பட்டது.

முக்கியத்துவம்

டிராக்பேடும் கைரோவும் பொருத்திய பொருள்கள் இந்த வழித்தடத்தில் பெருமளவில் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. ஆனால் அந்த உணரிகளின் வடிவமைப்பும், அவற்றின் காப்புரிமையும், அவற்றை விளையாட்டாக மாற்றிய மென்பொருளும் வேறு இடங்களில் உருவானவை. நோக்கியா ஆலையின் முடிவு, பிறர் வடிவமைத்த பொருளை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தைக் காட்டியது. 2025இல் தமிழ்நாடு அரசு அறிவித்த மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டம், ஒன்றுசேர்ப்பதைத் தாண்டிப் பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்ற நோக்கம் கொண்டது.

கன்ட்ரோலரின் வரலாறு இதில் மற்றொரு வழியையும் காட்டுகிறது. உணரியைச் செய்யப் பெரும் முதலீடு வேண்டும். அது தரும் எண்களைக் கையின் அசைவாக மாற்றும் நிரலை எழுத ஒரு கணினியும் ஒரு கருவியும் போதும். ஃபிளிக் ஸ்டிக்கும் லினக்ஸ் இயக்கியும் அவ்வாறே தனிமனிதர்களிடமிருந்து வந்தன. டிராக்பேடில் கணினியையும் கைபேசியில் கைரோவையும் பழகிய தலைமுறைக்கு இந்தப் பணி எட்டாத ஒன்றல்ல.