எளிய மொழியும் அதன்மேல் ஏறிய சுமையும்

ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட காலத்தில், பத்திரிகை அலுவலகத்தின் உதவி ஆசிரியர் மூலப்பிரதியின் ஓரத்தில் சில குறிப்புக்களை எழுதி அனுப்புவார். இது தலைப்பு, இது தடித்த எழுத்து, இங்கே புதிய பந்தி என்பன அவை. அச்சுக்கோப்பாளருக்காக எழுதப்பட்ட அக்குறிப்புக்கள் வாசகரின் கண்ணுக்கு எட்டுவதில்லை. கணினி உலகின் 'குறியீட்டு மொழி' தன் பெயரைப் பெற்றது இந்த அச்சக வழக்கத்திலிருந்துதான்.

1969 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்பார்ப், மோஷர், லோரி என்னும் மூவர் இவ்வழக்கத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தனர். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துக்களே ஜி.எம்.எல். என்றாயின. ஒரு சொற்றொடர் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று சொல்லாது, அது என்ன என்று சொல்ல வேண்டும் என்பதே அவர்களது கருத்து. அதிலிருந்து வளர்ந்த எஸ்.ஜி.எம்.எல். 1986 இல் சர்வதேச நியமமாயிற்று. ஆற்றல் மிக்கதாயினும் விதிவிலக்குகள் மலிந்த அம்மொழியைப் படித்தறியும் மென்பொருளை எழுதுவது பெரும்பாடு. ரிம் பேர்ணர்ஸ் லீ அதன் சாயலில் அமைத்த எச்.ரி.எம்.எல். 1991 இல் ஏறத்தாழ இருபது குறிகளுடன் தொடங்கியது. யாரும் கற்கக் கூடியது. ஆனால், புதிய குறியை எவரும் தாமாகச் சேர்க்க முடியாது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேடி, ஜோன் பொசாக் தலைமையில் 1996 இல் ஒரு குழு கூடியது. அது உருவாக்கிய எக்ஸ்.எம்.எல். 1998 பெப்ரவரி 10 ஆம் திகதி வெளியாயிற்று. திறந்த குறியை மூடுக. ஒன்றினுள் ஒன்றை ஒழுங்காக அடக்குக. பண்புகளின் பெறுமதிகளை மேற்கோட் குறிக்குள் இடுக. ஒரு பிற்பகலில் கற்றுவிடக்கூடிய விதிகள் இவை. அத்துடன் அம்மொழி யூனிகோட்டை அடித்தளமாகக் கொண்டது. உரிய எழுத்துரு இல்லாவிடின் தமிழ் இணையப் பக்கங்கள் புரியாத கிறுக்கல்களாகத் தெரிந்த அந்நாளில், குறிகளின் பெயர்களைக்கூடத் தமிழிலேயே எழுத அது இடமளித்தது.

அதன்பின் வந்தவையே சுமை. 1999 ஜனவரியில் பெயர்வெளி விதிகள். அதே ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாத், எக்ஸ்.எஸ்.எல்.ரி.; 2001 மே மாதத்தில் எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா. ஆவணங்களுக்காகப் பிறந்த மொழியைத் தரவுத்தளக்காரரும் பெருநிறுவனங்களும் தத்தம் தேவைக்கு வளைத்தனர். 'எளிய' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிவந்த சோப் என்னும் நெறிமுறை, 2003 இல் வெளியான 1.2 ஆம் பதிப்பில் அந்த விரிவாக்கத்தையே கைவிட்டது. அதைச் சுற்றிப் பாதுகாப்புக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என நியமங்கள் குவிந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. மொத்தப் பாரத்தைக் கணக்கிடத்தான் ஆளில்லை.

எதிர்ப்பு உள்ளிருந்தே எழுந்தது. எக்ஸ்.எம்.எல். உருவாக்கத்தில் தொழில்நுட்பத் தலைவராயிருந்த ஜேம்ஸ் கிளார்க், ஜப்பானியரான முராட்டா மக்கோட்டோவுடன் இணைந்து, ஸ்கீமாவுக்கு மாற்றாக 'ரிலாக்ஸ் என்.ஜி.' என்னும் சிறிய, தெளிவான மொழியை 2001 இல் அளித்தார். பெருநிறுவனங்களின் கருவிகளோ ஸ்கீமாவையே பற்றி நின்றன. அதே ஆண்டில் டக்ளஸ் குரொக்ஃபோர்ட் முன்வைத்த ஜேசன் என்னும் தரவு வடிவம், எக்ஸ்.எம்.எல்.லை விடவும் சிறியது. நிரலாளர்கள் படிப்படியாக அதன்பாற் சென்றனர். சுமையை வெறுத்தவர்கள், சுமந்த மொழியையும் சேர்த்தே வெறுத்தார்கள் என்பதுதான் இக்கதையின் துயரம்.

ஆயினும் எக்ஸ்.எம்.எல். மறைந்துவிடவில்லை. வேர்ட் ஆவணங்களின் 'டொக்எக்ஸ்' வடிவத்துக்கும், எஸ்.வி.ஜி. படங்களுக்கும், செய்தியோடைகளுக்கும் இன்றும் அதுவே அடிப்படை. தான் பிறந்த ஆவண உலகில் அது நிலைத்திருக்கிறது.

பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் இலக்கமுறையில் சேமிக்க முனைவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். எழுதிய மென்பொருள் அழிந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், 'தலைப்பு', 'ஆசிரியர்', 'திகதி' என்று வெளிப்படையாகக் குறியிட்ட ஒரு கோப்பை வெறுங்கண்ணால் வாசித்துப் பொருள்கொள்ளலாம். ஆறேழு நியமங்களைத் துணைக்கு அழைத்தாலன்றிப் பொருள் தராத கோப்புக்கு அந்த ஆயுள் வாய்ப்பது அரிது.