ஒத்திகையும் விவேகமும்: கமைஷி நகரப் பள்ளிகளின் ஆபத்துக்காலக் கல்வி

ஆபத்துக்காலத்தில் உயிரைக் காத்துக்கொள்ளும் வித்தையைப் பொதுஜனங்களுக்குப் பள்ளிக்கூடங்களின் வாயிலாகக் கற்பிக்க வேண்டும் என்பதில் இன்று அபிப்பிராய பேதம் அதிகம் இல்லை. ஆனால் அங்ஙனம் கற்பிக்கப்படுவது கட்டளைக்குக் கீழ்ப்படியும் பழக்கமா, அல்லது கட்டளை பொய்த்த இடத்திலும் தானே தீர்மானிக்கும் விவேகமா என்பதைப் போதனாமுறை வகுப்போர் போதிய அளவு விசாரித்ததாகத் தோன்றவில்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகவும் முடியக்கூடும் என்பதை, ஜப்பானின் சான்ரிகுக் கரையிலுள்ள கமைஷி நகரம் 2011 மார்ச் 11-ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபோது பிரத்தியட்சமாகக் காட்டியது.

1896-இலும் 1933-இலும் ஆழிப்பேரலையால் அழிவுற்ற அந்நகரத்தில், 63 மீட்டர் ஆழத்தினின்றும் எழுப்பிய அலைத்தடுப்பு 2009-இல் பூர்த்தியானது; வெள்ளம் எதுவரை ஏறும் என்று கோடிட்டுக் காட்டிய வரைபடமும் இருந்தது. குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் தோஷிதாகா கதாதா அவ்வூர் ஆசிரியர்களோடு சேர்ந்து நடத்திவந்த போதனையின் முதற்சூத்திரமோ, அந்த வரைபடத்திற்குக் கட்டுப்படாதே என்பது. இயன்றதெல்லாம் செய், பிறருக்கு முன்னால் நீ ஓடு என்பன மற்ற இரண்டு. அரசாங்கப் பத்திரத்தை ஐயுறும்படி ஆசிரியரே மாணவனுக்குச் சொல்வது நம் கல்வி மரபுக்கு விரோதமாகத் தோன்றலாம். ஆயினும் இம்முறையின் ஜீவன் அதிலேதான் இருக்கிறது. கணக்குப் பாடத்தில் பிள்ளைகள் அலையின் வேகத்தைக் கணித்தார்கள். கிழக்கு நடுநிலைப் பள்ளி மாணவர்கள், தப்பிச் சென்றுவிட்டோம் என்று அறிவிக்கும் அட்டைகளைச் செய்து, அவற்றை வாசலில் மாட்டிவிட்டு ஓடினால் தேடி வருவோர் அவ்வீட்டில் நின்று காலம் போக்க நேராது என்று விளக்கி, வீடு வீடாக விநியோகித்தார்கள். பெரியோர் பிள்ளைகளிடமிருந்து கற்றது இவ்விதமே.

உனோசுமாய்ப் பகுதியில் அந்த நடுநிலைப் பள்ளியும் ஓர் ஆரம்பப் பள்ளியும் அடுத்தடுத்து, வரைபடத்தின் அபாய எல்லைக்கு வெளியே இருந்தன. அன்று பூமி அதிர்ந்ததும் மேல்மாடிக்கு ஏற்றப்பட்ட ஆரம்பப் பள்ளிச் சிறுவர்கள், மூத்த மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடுவது கண்டு தாமும் இறங்கி உடன் ஓடினார்கள். முன்கூட்டிக் குறித்திருந்த புகலிடத்தை அடைந்தபின், அதன் பின்புறத்துச் சரிவு இடிந்து விழுவதைப் பார்த்து, அங்கே நிற்றல் தகாது என்று தெளிந்து, மூத்தவர்கள் சிறியவர்களின் கைகளைப் பற்றிக்கொண்டு இன்னும் உயரே சென்றார்கள். விட்டுவந்த இடத்தைச் சற்று நேரத்தில் அலை விழுங்கிற்று. இதைப் பத்திரிகைகள் அதிசயம் என்று வர்ணித்தன. காரண காரியத் தொடர்பு இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் ஒன்றை அவ்வாறு அழைப்பது, பல ஆண்டுகள் பாடுபட்ட ஆசிரியர்களுக்கு இழைக்கும் அநீதி.

அதே உனோசுமாயில், அதே நாளில், பெரியவர்களுக்கு நேர்ந்ததை இதனோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். ஆழிப்பேரலைக்கு ஏற்ற புகலிடமாக நியமிக்கப்படாத, ஊருக்குள் தாழ்வான இடத்திலிருந்த பேரிடர்த் தடுப்பு மையத்தில், முதியோர் மேடேறச் சிரமப்படுவார்களே என்ற இரக்கத்தாலும், வருகை குறையலாகாது என்ற எண்ணத்தாலும், மார்ச் 3-ஆம் தேதிதான் ஓர் ஒத்திகை நடந்திருந்தது. எட்டு நாட்கள் கழித்து அங்கேயே ஓடிவந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒத்திகை நடவாததால் விளைந்த நஷ்டம் அன்று இது. பழகிய வழியே கால்கள் சென்றன.

ஆசிரியரின் மேற்பார்வையில் இருந்ததனால் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று ஆட்சேபிப்பாரும் உண்டு. ஆனால் கமைஷி ஆரம்பப் பள்ளியின் 184 மாணவர்களிற் பெரும்பாலோர் அன்று சீக்கிரமே வீடு திரும்பி, விளையாட்டிலும் மீன்பிடிப்பதிலும் ஆங்காங்கே சிதறியிருந்தும், அனைவரும் தப்பினார்கள்; வீட்டுப் பெரியவர்களை வற்புறுத்தி அழைத்துச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு. நாகப்பட்டினக் கரையை 2004 டிசம்பர் 26-இல் கடல் கொண்டபோது ஞாயிற்றுக்கிழமைக் காலை, பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தன. ஆதலால் பள்ளி அளிக்கும் பாதுகாப்பு அதன் கட்டடத்தில் தங்கிவிடாமல், மாணவனோடு வீட்டுக்கும் கடற்கரைக்கும் செல்லத்தக்கதாய் இருத்தல் அவசியம்.

இதற்கு மாறாக, அதே 2011 மார்ச் 11-இல் இஷினோமாகி நகரின் ஓகாவா ஆரம்பப் பள்ளியில், பின்னால் குன்று இருந்தும், ஏறத்தாழ ஐம்பது நிமிஷங்கள் மைதானத்திலேயே நின்றதனால் 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மறைந்தனர். இது பற்றிய வழக்கில் 2018-இல் செண்டாய் உயர்நீதிமன்றம், பள்ளி அவ்வூர் அபாய வரைபடத்தின் எல்லைக்கு வெளியே இருந்ததென்ற சமாதானத்தை ஏற்க மறுத்து, பள்ளியை நடத்துவோரின் அறிவு சராசரி ஊராரின் அறிவைவிட மிகுந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தகைய ஆசிரியர்களை உண்டாக்கும் பொறுப்பு பயிற்சிக் கல்லூரிகளைச் சார்ந்தது; தேதி அறிவித்து மணியடித்து நடத்தும் ஒத்திகையோடு அமையாமல், வழக்கமான வாயிலை முன்னறிவிப்பின்றி அடைத்துவைத்து, இனி எவ்வழி போகலாம் என்று மாணவர்களையே கேட்டு, அவர்கள் சொல்லும் விடையைப் பொறுமையாக ஆராயும் பழக்கத்தை அங்கேயே தொடங்குதல் கூடும்.