மோராக் கத்தியின் கதை

சுவீடனில் வாழும் பால்ய நண்பரொருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் ஒரு சங்கடத்தைச் சொன்னார். பன்னிரண்டு வயதான அவரது கடைசி மகள், காட்டில் முகாமிடுவதற்குத் தனக்கென ஒரு கத்தி கேட்கிறாளாம்.

"ஆயுதத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இப்ப பிள்ளை கத்தி கேட்கிறாள். என்ன செய்யிறது?" என்றார்.

அவருக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. கடையில் வாள்போலத் தடித்த, முதுகில் அரம்பப் பல் வைத்த கத்திகள் பெருவிலைக்குக் கிடந்தன. பக்கத்திலேயே, இருபது அமெரிக்க டொலர் அளவில் எளிய மரப்பிடிக் கத்தியொன்றும் இருந்தது. இவ்வளவு மலிவானது நல்லதாக இருக்குமா என்பது அவரது ஐயம்.

அந்த மலிவான கத்தியின் வரலாற்றில் அவரது இரு கேள்விகளுக்கும் விடை இருக்கிறது.

சுவீடனின் நடுப்பகுதியில் டாலர்னா என்றொரு மாகாணம் உண்டு. சில்யான் ஏரியின் கரையிலுள்ள மோரா அதன் பழைய ஊர்களில் ஒன்று. தந்தையின் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோரும் பங்கிட்டுக் கொள்ளும் வழக்கம் அங்கே நெடுங்காலம் நிலவியது. தலைமுறைக்குத் தலைமுறை காணி துண்டுபட்டது. காணித் துண்டுகளின் கதை யாழ்ப்பாணத்தவருக்குப் புதியதல்ல. விளைச்சல் போதாத குடும்பங்கள் கைத்தொழிலை நாடின. நூஸ்நேஸ் என்ற ஊர் மரக்குதிரை செதுக்கியது. வோம்ஹூஸ் மகளிர் தலைமயிரில் அணிகலன் பின்னினர். ஓஸ்ட்நோர் மக்கள் மணிக்கூடு செய்தனர், கத்தியும் செய்தனர்.

அந்த ஓஸ்ட்நோருக்கு 1891 இல், நான்கு ஆண்டுகள் அமெரிக்காவில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தார் புரொஸ்ட் எரிக் எர்சொன். மரக்குற்றிகளைப் பனியில் இழுக்கும் சறுக்குவண்டிகளைச் செய்வதற்காக அவர் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார். கத்தியும் அங்கே உருவாயிற்று. 1912 இல் அதே ஊரில் கிரோங் யோஹான் எரிக்சொன் இன்னொரு தொழிலகத்துக்கு வித்திட்டார். நெடுங்காலம் போட்டியிட்ட இவ்விரு நிறுவனங்களும் 2005 இல் ஒன்றாயின. 2016 முதல் அதன் பெயர் மோராக்னிவ். சுவீடிய மொழியில் 'க்னிவ்' என்றால் கத்தி.

இக்கத்தியை வாங்கியவர்கள் விவசாயிகள், மரம் தறிப்போர், மீனவர், தச்சர். அவர்களால் அதிக விலை கொடுக்க முடியாது. ஆனால் நாள் முழுவதும் கையில் வைத்து உழைப்பதால், மோசமான கத்தியையும் அவர்கள் பொறுக்கமாட்டார்கள். இந்த இரு நெருக்கடிகளுக்கும் இடையிலேதான் மோராக் கத்தி வடிவம் பெற்றது. அதன் மலிவு தரக்குறைவால் வந்ததன்று. தேவையற்றதையெல்லாம் நீக்கியதால் வந்தது.

அலகின் நீளம் ஏறத்தாழ பத்துச் சென்ரிமீற்றர். தடிப்பு இரண்டு மில்லிமீற்றர் அளவு. அதிலிருந்து நீளும் ஒடுங்கிய வால் பேர்ச் மரப்பிடிக்குள் இறங்கி நிற்கும். பீப்பாய்போல நடுவில் புடைத்த அந்தப் பிடி, எப்படிப் பிடித்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கும். அலகின் இருபுறமும் ஒரேயொரு தட்டையான சரிவு. அச்சரிவே வெட்டும் விளிம்புவரை செல்லும். தீட்டும்போது சரிவைத் தீட்டுக்கல்லில் படிய வைத்தாற் போதும், கோணம் தானாக அமையும். பயிற்சியற்றவரும் கூர்மையாக்கிவிடலாம்.

பழைய மாதிரிகள் சிலவற்றின் அலகு மூன்று அடுக்குகளால் ஆனது. நடுவில் காபன் மிகுந்த வன் உருக்கு, இருபுறமும் மென்மையான உருக்கு. நடு அடுக்கு கூர்மையைக் காக்கும். புற அடுக்குகள் முறியாமல் காக்கும்.

இன்று இரண்டு வகை உருக்குகள் பரவலாகக் கிடைக்கின்றன. காபன் உருக்கு விரைவில் கூராகும். ஆனால் ஈரம் பட்டால் கறள் பிடிக்கும். துடைத்து எண்ணெய் பூசும் பழக்கமுள்ளவருக்கே அது ஏற்றது. மீன் வெட்டுவோருக்கும், கடலோரத்தில் வாழ்வோருக்கும், முதன்முதலாகக் கத்தி பிடிக்கும் பிள்ளைக்கும் கறள் பிடிக்காத உருக்கே நல்லது. பழைய மரப்பிடிக் கத்தியில் விரல் வழுக்காமல் காக்கும் தடுப்பு இல்லை. தடுப்பு வைத்த மாதிரிகளும், சிறுவருக்கென முனை மழுக்கிய மாதிரிகளும் தனியே உண்டு. கத்தியை விறகின்மேல் வைத்துத் தடியால் அடித்துப் பிளப்பதற்கு ஒடுங்கிய வாலுடைய மெல்லிய கத்தி உருவானதல்ல. அந்த வேலைக்கு மோராக்காரரின் தோளில் கோடரி இருந்தது. கோடரி உள்ளவருக்குத் தடித்த கத்தி வீண்சுமை.

இனி நண்பரின் அச்சத்துக்கு வருவோம். வட ஐரோப்பாவில் கத்தி பாடசாலைக்குள்ளும் நுழைந்த கருவி. கைவினையைப் பொதுக்கல்வியின் பகுதியாக்கிய முன்னோடி பின்லாந்தின் ஊனோ சிக்னேயஸ். 1866 இல் அங்கு கிராமப்புறப் பாடசாலைகளின் ஆண்பிள்ளைகளுக்கு அது கட்டாய பாடமாயிற்று. சுவீடனில் ஒட்டோ சலொமோன், நேஸ் என்ற இடத்தில் நடத்திய ஆசிரியர் பயிற்சி நிலையத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தனர். அவரது பாடவரிசையில் மாணவர் முதலில் பழகும் கருவி கத்திதான். கவனமும் பொறுமையும் கை வழியாகவே மனத்துக்குள் இறங்கும் என்பது அக்கல்வியின் நம்பிக்கை. சுவீடனில் இன்றும் 'ஸ்லொய்ட்' எனப்படும் கைவினை கட்டாய பாடம்.

அதேவேளை, சுவீடனின் 1988 ஆம் ஆண்டுக் கத்திச் சட்டம் உண்டு. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தியோடு திரிவது குற்றம். காட்டுக்குப் போகும்போது இடுப்பில் இருக்கலாம். நகரத்துக் கடைத்தெருவில் இருக்கக்கூடாது. ஒரே பொருளைக் கருவி என்றும் ஆயுதம் என்றும் பிரிப்பது, அதை ஏந்துபவரின் நோக்கமும் ஏந்தும் இடமுமே.

எங்கள் தலைமுறைக்கு இந்த வேறுபாடு மங்கிப் போயிற்று. எங்கள் ஊர்களிலும் கொல்லன் பட்டறையில் அடித்த கத்தி தேங்காய்க்கும் வேலிக்கும் ஓலைக்கும் உரியதாகத்தான் இருந்தது. போர் வந்த பின்னர்தான் கூரான எதைக் கண்டாலும் நெஞ்சு திடுக்கிடப் பழகினோம். அந்தத் திடுக்கிடலைப் பிள்ளைகளுக்கு முதுசமாகக் கொடுக்க வேண்டுமா?

நண்பர் விரல் தடுப்புள்ள, கறள் பிடிக்காத, மலிவான கத்தியையே வாங்கினார். மாலையில் மகளோடு தானும் உட்கார்ந்து செதுக்கப் பழகினார். அண்மையில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மகள் அந்தக் கத்தியால் முதன்முதலாகச் செய்து முடித்தது, வெண்ணெய் பூசுவதற்கான ஒரு சின்ன மரக்கத்தி.