மைசூர்ப் பல்கலைக்கழகமும் அதன் வட்டாரமும்

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916 ஜூலை 27 அன்று தொடங்கப்பட்டது. பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சிக்கு வெளியே, ஒரு சமஸ்தானத்தில் தோன்றிய முதல் இந்தியப் பல்கலைக்கழகம் இதுவே. தன் வகுப்பறைகளுக்கு வெளியே இருந்த மக்களோடு அது கொண்ட உறவைப் பற்றியது இக்கட்டுரை. தொடக்கத்தில் அந்த மக்கள் என்றால் சமஸ்தானம் முழுவதும். பிற்காலத்தில் மைசூர், மண்டியா, ஹாசன், சாம்ராஜ்நகர் ஆகிய மாவட்டங்கள்.

1916க்கு முன் மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. பாடத்திட்டமும் தேர்வும் சென்னையில் முடிவாயின. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் அதை மாற்றினர். முதல் துணைவேந்தராக எச். வி. நஞ்சுண்டய்யா பொறுப்பேற்றார். மைசூர் வங்கி (1913), கன்னட சாகித்திய பரிஷத்து (1915) ஆகியவையும் இதே திவானின் காலத்தில் பிறந்தவை. சமஸ்தானத்தை முன்னேற்றும் திட்டத்தில் பல்கலைக்கழகமும் ஒரு பகுதி. ஆனால் பாடம் நடந்தது ஆங்கிலத்தில். வரி செலுத்திய உழவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை.

இந்த இடைவெளியை நிரப்பக் கன்னடத் துறை முன்வந்தது. 1927இல் கன்னட முதுகலைப் படிப்பு தொடங்கியது. பின்னாளில் துணைவேந்தரான கவிஞர் குவெம்பு அதன் தொடக்க கால மாணவர்களில் ஒருவர். 1930களில் பேராசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று கன்னடத்தில் பொதுச் சொற்பொழிவு ஆற்றும் வழக்கம் ஏற்பட்டது. அந்த உரைகள் மலிவு விலைச் சிறு நூல்களாக வெளிவந்தன. இப்பணியை நடத்திய பிரிவே பிரசாராங்கம். அறிவியலும் பொருளாதாரமும் வரலாறும் பட்டம் பெறாத வாசகரின் கைக்குச் சென்றது இப்படித்தான். பல்கலைக்கழகம் செய்த வேலைகளிலேயே ஊருக்கு மிக நெருக்கமாகப் போனது இந்தச் சிறு நூல் வரிசை என்று சொல்லலாம். 1946இல் வெளியான ஆங்கில-கன்னட அகராதியும், 1969இல் முதல் தொகுதி வந்த கன்னட விசுவகோசமும் இதன் நீட்சி. தமிழில் 1954 முதல் கலைக்களஞ்சியம் வெளியிட்டது தமிழ் வளர்ச்சிக் கழகம்; கன்னடத்தில் அதைப் பல்கலைக்கழகமே தன் தோளில் சுமந்தது.

வானொலியின் கதை கிட்டத்தட்டத் தனி மனிதர் ஒருவரின் கதை. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, 1935 செப்டம்பர் 10 அன்று தம் வீட்டிலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெயர் ஆகாசவாணி. இசையும் பேச்சும் கவிதையும் ஒலிபரப்பாயின. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம் என்பது சிறு நூல்களுக்கு இல்லாத பலம். ஒரு பேராசிரியரின் கைப்பொருளால் நெடுநாள் தாங்க முடியாத முயற்சி இது. நகரசபை உதவியது, 1942இல் சமஸ்தான அரசு நிலையத்தை ஏற்றது. 1950களில் அகில இந்திய வானொலி முழுவதுக்கும் அந்தப் பெயரே வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பெயரை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களில் எத்தனை பேர் அதை மைசூர் வீடொன்றில் பிறந்த பெயராக அறிந்திருந்தார்களோ!

பேராசிரியர் ஊருக்குப் போவதில் தொடங்கிய உறவு, பின்னர் ஊரின் பாட்டைப் பல்கலைக்கழகம் கேட்பதாக மாறியது. குவெம்பு துணைவேந்தராக இருந்த காலத்தின் (1956–60) முடிவில் மானச கங்கோத்ரி வளாகம் அமைந்தது, பெயரிட்டவரும் அவரே. 1966இல் கன்னட ஆய்வு நிறுவனம் வந்தது. தே. ஜவரேகவுடா முன்னின்று நடத்த, ஜீ. சம். பரமசிவய்யா போன்ற ஆய்வாளர்கள் தென் கர்நாடகக் கிராமங்களில் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினர். மாதேஸ்வரன் மலைச் சாமியைப் பற்றிக் கம்சாளெத் தாளம் தட்டிப் பாடும் நெடுங்கதைகளும், மண்டேசுவாமி மரபில் நீலகாரர் தம்புரியுடன் இரவிரவாகப் பாடும் கதைகளும் இப்பகுதியின் பெருஞ்செல்வம். மாதேஸ்வரனைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஈரோடு, சேலம் பக்கத்திலிருந்து பக்தர்கள் அந்த மலைக்குப் போகிறார்கள். மலை இருக்கும் கொள்ளேகால் பகுதி 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கோடு மாறியபோதுதான் அது மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் வட்டாரமாயிற்று.

திரட்டிய பொருள்களுக்கென 1960களின் இறுதியில் ஜெயலட்சுமி விலாச மாளிகையில் நாட்டார் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. தோல்பாவைகள், சாமியாட்ட முகமூடிகள், யட்சகான அணிகள் ஆகியவற்றோடு ஏர், உரல், அளவைப் படி எனப் புழக்கத்தில் இருந்தவையும் அங்கே இடம்பெற்றன. இளவரசிக்கென எழுந்த அரண்மனையில் குடியானவனின் கலப்பை குடியேறியது. இதிலே ஒரு குறையும் உண்டு: பாட்டைப் பதிப்பித்தவரின் பெயர் நூலட்டையில் நிலைத்த அளவுக்குப் பாடியவரின் பெயர் நிலைக்கவில்லை. இந்திய நாட்டாரியல் பதிப்புகள் பலவற்றுக்கும் பொதுவான குறைதான்.

யார் உள்ளே வந்தார்கள் என்ற கேள்வியும் இந்த உறவின் பகுதியே. 1918இல் அமைந்த மில்லர் குழு, பிராமணர் அல்லாதாருக்கு அரசுப் பணியில் பங்கு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தச் சர்ச்சையில் விசுவேசுவரய்யா பதவி விலகினார். சாதிச் சங்கங்களும் மடங்களும் நடத்திய விடுதிகள் இல்லாமல் கிராமத்துப் பிள்ளைகள் மைசூரில் தங்கிப் படித்திருக்க முடியாது. 1973 நவம்பரில் மைசூரில் நடந்த கூட்டமொன்றில், கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி மாட்டுத் தீவனம் என்ற பொருளில் ‘பூசா’ என்று அமைச்சர் பி. பசவலிங்கப்பா கூறினார். மாணவர் கலவரம் மூண்டது, அமைச்சர் பதவியை இழந்தார். தலித் மாணவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். அந்த அதிர்விலிருந்தே தலித் சங்கர்ஷ சமிதி உருவானது. நஞ்சன்கூடு வட்டத்துத் தேவனூரிலிருந்து வந்து கன்னடம் படித்த தேவனூர மகாதேவா, கிராமத்துத் தலித் பேச்சையே இலக்கிய நடையாக்கினார். பல்கலைக்கழகம் அழைத்து வந்த உறவு என்று இதைச் சொல்ல முடியாது. வட்டாரம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது.

தொலைநிலைக் கல்விக்கு 1969ஐ ஒட்டி அஞ்சல்வழிப் பிரிவு தொடங்கியது. அதுவே 1996இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாகத் தனித்தது. மண்டியா, ஹாசன், சாம்ராஜ்நகரில் முதுகலை மையங்கள் திறக்கப்பட்டன.

நகரத்தோடு அன்றாடம் உரசும் இடம் குக்கரஹள்ளி ஏரி. 1860களில் பாசனத்துக்கும் குடிநீருக்குமாக வெட்டப்பட்டது. இன்று பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. காலை நடைக்கு வரும் நகரத்தார் அதைத் தம்முடையதாகவே கருதுகிறார்கள். நீர் கொண்டுவந்த பூர்ணய்யா கால்வாய் ஆக்கிரமிப்பில் சுருங்கியதும், சுற்றுப்புறக் கழிவுநீர் ஏரியில் கலந்ததும் நெடுநாள் வழக்காக நீடித்தன.

பல்கலைக்கழகத்தின் எல்லை தொடர்ந்து சுருங்கி வந்திருக்கிறது. 1964இல் பெங்களூர், 1980இல் மங்களூர், 1987இல் குவெம்பு பல்கலைக்கழகங்கள் பிரிந்தன. அண்மையில் மண்டியா, ஹாசன், சாம்ராஜ்நகர் மாவட்டங்களுக்கும் தனிப் பல்கலைக்கழகங்கள் அமைந்தன. பெண்கள் வீட்டுக்குப் பக்கத்தில் படிக்கலாம் என்பது இதற்கு ஆதரவான வாதம். போதிய நிதியும் நிலையான ஆசிரியரும் இல்லாமல் பெயர்ப்பலகை மட்டும் என்ன செய்யும் என்பது எதிர்வாதம். 2025இல் மாநில அமைச்சரவைத் துணைக்குழு புதிய பல்கலைக்கழகங்களில் ஒன்பதை மூடலாம் என்று பரிந்துரைத்தபோது அந்தந்த மாவட்டங்களில் எதிர்ப்பு கிளம்பியது. மைசூருக்கோ, இணைப்புக் கல்லூரிகள் பிரிந்து கட்டண வருவாய் குறைந்தது. பழைய ஊழியர்களின் ஓய்வூதியச் சுமை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.