ஹாலிவுட்டின் மஞ்சள் முகப்பூச்சு

மஞ்சள் முகப்பூச்சு என்பது சீனர், ஜப்பானியர் முதலிய கிழக்காசியப் பாத்திரங்களை வெள்ளை நடிகர்கள் ஒப்பனை போட்டு நடித்த அமெரிக்கத் திரை வழக்கத்துக்குப் பின்னாளில் வந்த பெயர். முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய 19ஆம் நூற்றாண்டு மேடை வழக்கத்தின் பெயரை ஒட்டி அமைந்தது. இந்தியப் பாத்திரங்களுக்கு இதையே செய்தபோது பழுப்பு முகப்பூச்சு என்றார்கள். திரையில் எந்த இனத்தை யார் காட்டுவது என்ற வாதம் அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. அதில் பெரும்பகுதி கறுப்பினத்தவரைப் பற்றியது. 1915இல் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வெளிவந்தபோது கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு நடத்திய எதிர்ப்பே அதன் முதல் பெரிய அத்தியாயம். அந்த வாதத்தின் ஆசியக் கிளை அவ்வளவாகப் பேசப்படாதது. இக்கட்டுரை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

தொடக்கம்

சீனத் தொழிலாளர் உள்ளே வருவதை அமெரிக்கா 1882இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தத் தடை 1943 வரை நீடித்தது. சினிமா பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த இடைவெளியில்தான். எனவே படத்தில் வந்த சீனர் ஒன்று சலவைக்காரர், இல்லையென்றால் அபினிக் கூடத்து வில்லன். நல்ல பாத்திரம் என்றால் அதற்கு வெள்ளை முகம் தேவைப்பட்டது. 1915இல் 'மேடம் பட்டர்ஃபிளை' கதையின் ஜப்பானியப் பெண்ணாக மேரி பிக்ஃபோர்டு நடித்தார். 1919இல் கிரிஃபித்தின் 'ப்ரோக்கன் ப்ளாஸம்ஸ்' படத்தில் சாந்தமான சீன இளைஞராக ரிச்சர்ட் பார்தல்மெஸ் வந்தார்.

ஆசியருக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானிலிருந்து வந்த செஸ்ஸூ ஹயகாவா மௌனப்பட காலத்தின் முன்னணி நட்சத்திரங்களில் ஒருவர். 1918இல் சொந்தப் படநிறுவனமே தொடங்கினார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது 1915இல் வந்த செசில் பி. டிமில்லின் 'தி சீட்'. தன்னிடம் கடன் வாங்கிய பெண்ணின் தோளில் பழுக்கக் காய்ச்சிய முத்திரையைக் குத்தும் ஜப்பானியப் பணக்காரர் வேடம் அது. லாஸ் ஏஞ்சலஸின் ஜப்பானிய மக்கள் கொதித்தார்கள். அவர்களுடைய பத்திரிகை 'ராஃபு ஷிம்போ' கண்டித்து எழுதியது. 1918இல் படத்தை மறுபடி வெளியிட்டபோது பாத்திரம் பர்மாவின் தந்த வியாபாரியாக மாறியிருந்தது. படத்தில் வேறெதுவும் மாறவில்லை, இடையில் வரும் எழுத்து அட்டைகளை மட்டும் மாற்றினார்கள். எதிர்த்துக் கேட்கும் அளவுக்கு அமெரிக்காவில் பர்மியர் இல்லை. யார் மனம் புண்படுகிறது என்பதைவிட யாரால் சத்தம் போட முடிகிறது என்பதே ஸ்டுடியோக்களின் கணக்கு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஒப்பனை மேசையில்

இந்த வேடம் எப்படிப் போடப்பட்டது என்பதற்கு 1927இல் வந்த 'மிஸ்டர் வூ' நல்ல சான்று. ஆயிரம் முகக்காரர் என்று பெயரெடுத்த லான் சேனி தம் ஒப்பனையைத் தாமே செய்துகொள்வார். நூறு வயதுச் சீனக் கிழவராவதற்குப் பஞ்சையும் கொலோடியன் என்ற ஒட்டுத் திரவத்தையும் கொண்டு கன்ன எலும்பைத் தூக்கினார். மூக்கை அகட்ட சுருட்டுக் குழாயின் முனைகளை நாசியில் செருகினார். கண்ணோரத்தைச் சாய்வாக்க மீன் சவ்வை ஒட்டினார். மீசையும் தாடியும் பொய் மயிர். ஒரு முறை வேடம் போட்டு முடிக்க மணிக்கணக்கில் ஆயிற்று. கலை என்று பார்த்தால் அசாத்தியமான உழைப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே படத்தில் சேனியின் மகளாக நடித்தவர் பிரெஞ்சு நடிகை ரெனே அடோரே. ஒப்பனையே தேவைப்படாத அன்னா மே வாங்குக்குக் கிடைத்தது துணை வேடம்.

அன்னா மே வாங்

லாஸ் ஏஞ்சலஸில் சலவைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்தில் 1905இல் பிறந்தவர் அன்னா மே வாங். பதினேழு வயதில் டெக்னிக்கலர் படமான 'தி டோல் ஆஃப் தி ஸீ'யில் (1922) கதாநாயகி. அடுத்து 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'தில் (1924) சூழ்ச்சிக்கார அடிமைப்பெண். அதன்பின் ஒன்று நயவஞ்சகி, இல்லையென்றால் காதலனுக்காக உயிரை விடும் பேதை. மூன்றாவது வகை வரவேயில்லை. அலுத்துப்போய் 1928இல் ஐரோப்பாவுக்குப் போனார். பெர்லினும் லண்டனும் கொண்டாடின. திரும்பி வந்து மார்லீன் டீட்ரிச்சுடன் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்'ஸில் (1932) நடித்தார். பேர் வந்தது, ஆனால் பெரிய படங்களில் முதன்மை வேடம் வரவில்லை.

இதற்குக் காரணம் ரசனை மட்டும் என்று எண்ணினால் தவறு, சட்டமும் இருந்தது. கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் ஆசியரும் மணம் செய்துகொள்ள 1948 வரை தடை. படத்துறை தனக்குத்தானே போட்டுக்கொண்டு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய ஹேஸ் விதிகள் கலப்பினக் காதலைத் திரையில் காட்டக்கூடாது என்றன. விதியின் எழுத்தில் இருந்தது வெள்ளையர், கறுப்பர் மட்டுமே. ஆசியருக்கும் அது பொருந்தும் என்று ஸ்டுடியோக்கள் எடுத்துக்கொண்டன. இன்னும் விசித்திரம், கதைக்குள் இருவரும் சீனராக இருந்தாலும் நடிப்பவர்கள் ஒரே இனமாக இருப்பதே பாதுகாப்பு என்று கருதினார்கள். கதாநாயகன் வேடம் வெள்ளையருக்கு என்று முடிவானால் கதாநாயகி வேடமும் வெள்ளையருக்குத்தான்.

'தி குட் எர்த்' படத்தில் இது அப்பட்டமாக நடந்தது. சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய பேர்ல் பக்கின் நாவல் 1931இல் வந்து புலிட்சர் பரிசு பெற்றது. எம்.ஜி.எம். அதை எடுக்கப்போகிறது என்றதும் மனைவி ஓ-லான் வேடம் வாங்குக்கே என்று பலரும் எதிர்பார்த்தார்கள். விவசாயி வாங் லுங்காக பால் முனி ஒப்பந்தமானார். ஓ-லான் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது. குடும்பத்தைக் கெடுக்க வரும் ஆசைநாயகி லோட்டஸ் வேடத்துக்கு மட்டும் வாங்கை அழைத்துப் பார்த்தார்கள். சீனப் படத்தில் தன் இனத்தின் கெட்டவளாக ஒருத்தி மட்டும் நடிப்பதா என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். அந்த வேடத்தையும் வியன்னா நடனமணி டில்லி லோஷ் செய்தார். 1937இல் வெளியான படத்துக்காக ரெய்னருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

வாங் 1936இல் சீனாவுக்குப் புறப்பட்டுப்போனார். அங்கும் நிம்மதியில்லை. அவர் ஏற்ற பாத்திரங்கள் நாட்டுக்கு இழுக்கு என்று நான்கிங்கிலிருந்த சீன அரசு வட்டாரத்தினர் அவர் முகத்துக்கு நேரே குறைகூறினார்கள். ஹாலிவுட் கொடுத்த வேடத்துக்கு ஹாலிவுட்டைக் கேட்காமல் நடிகையைக் கேட்டது எந்த வகை நியாயமோ தெரியவில்லை. அவர் 1961இல் காலமானார்.

வெள்ளை முகத்துக்குள் ஓர் ஆசியப் பெண்

ரெய்னர் ஆசியராக வேடமிட்டு ஆஸ்கர் வாங்குவதற்கு இரண்டாண்டு முன்பு, வெள்ளையராக வேடமிட்ட ஓர் ஆசியர் அதே விருதின் பரிந்துரைப் பட்டியலில் இருந்தார். 1935இல் வந்த 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்ட மெர்ல் ஓபரான், பம்பாயில் 1911இல் பிறந்தவர். வளர்த்த சார்லட், இலங்கையைச் சேர்ந்த யுரேசியப் பெண். மெர்ல் அவரைத் தாய் என்றே நினைத்திருந்தார், உண்மையில் பாட்டி. லண்டன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சார்லட்டை வேலைக்காரி என்று அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாதான் தாம் பிறந்த இடம் என்று வாழ்நாளின் பெரும்பகுதி சாதித்தார். 1979இல் இறந்த பிறகே வாழ்க்கை வரலாற்று நூல் வழியாக விஷயம் வெளியே வந்தது.

1939இல் 'வதரிங் ஹைட்ஸ்' படத்தில் அவர் கேத்தியாகவும் லாரன்ஸ் ஒலிவியே ஹீத்கிளிஃபாகவும் நடித்தார்கள். எமிலி ப்ரான்ட்டியின் நாவலில் கறுத்த தோலுக்காக ஏச்சு வாங்குபவன் ஹீத்கிளிஃப். திரையில் அவன் வெள்ளை ஆங்கிலேயன். அவன் காதலியாக வந்தவர் ஆசிய வம்சாவளியினர். யாரும் அன்று இதைக் கவனிக்கவில்லை, கவனிக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஓபரான் அவ்வளவு பாடுபட்டார். முகப்பூச்சு வாதத்தில் இவர் பெயர் ஓரத்தில் மட்டுமே வருவது பெரிய குறை. ஒரு தரப்பு விளையாட்டாகப் போட்டுக் கலைத்த வேடத்தை மறுதரப்பு ஆயுள் முழுக்கக் கலைக்க முடியாமல் சுமந்தது என்பதை இவர் கதை சொல்வதுபோல வேறெதுவும் சொல்லவில்லை.

சார்லி சான் முதல் யுனியோஷி வரை

எல்லா வேடமும் இழிவாக இருக்கவில்லை என்பதற்கு எடுத்துக்காட்டு சார்லி சான், ஹொனலுலுவின் சீனத் துப்பறிவாளர். 1931 முதல் இவ்வேடத்தைச் செய்த வார்னர் ஓலண்ட் ஸ்வீடனில் பிறந்தவர். 1936இல் அவர் ஷாங்காய் போனபோது அங்கே உற்சாகமான வரவேற்பு கிடைத்தது. வில்லன் ஃபூ மஞ்சுவை மட்டுமே பார்த்துப் புளித்தவர்களுக்குப் புத்திசாலி சீனர் ஒருவர் கதாநாயகனாக வந்ததே பெரிய விஷயம். சானின் மகனாக நடித்த சீன அமெரிக்கர் கீ லூக் பின்னாளிலும் இந்தப் படங்களுக்காக வாதாடினார். அடுத்த தலைமுறைக்கோ சானின் பணிவும் உடைந்த ஆங்கிலமும் எரிச்சலூட்டின. 1938இல் ஓலண்ட் இறந்ததும் வேடம் இன்னொரு வெள்ளையரான சிட்னி டோலருக்கே போனது.

1957இல் வந்த 'சயோனாரா' படத்துக்காக மியோஷி உமேகி ஆஸ்கர் வென்றார். ஆசிய நடிகை ஒருவருக்கு அது முதல் முறை. அதே படத்தில் ஜப்பானிய நாடக நடிகராக வந்தவர் மெக்சிகோவின் ரிக்கார்டோ மோன்டல்பான். அதற்கு முந்தைய ஆண்டில்தான் மார்லன் பிராண்டோ ஒக்கினாவாக்காரராகவும், ஜான் வெய்ன் செங்கிஸ்கானாகவும் திரையில் தோன்றினார்கள். 1961இல் 'ப்ரேக்ஃபாஸ்ட் அட் டிஃப்பனீஸ்' படத்தில் பொய்ப் பல்லோடு கத்திக் குதித்த மிக்கி ரூனியின் யுனியோஷி, இந்த வழக்கம் முழுவதற்கும் அடையாளமாகிவிட்டார். இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் பின்னாளில் வருந்தினார். ஆனால் அவரே 1968இல் 'தி பார்ட்டி'யில் பீட்டர் செல்லர்ஸுக்குப் பழுப்பு பூசி இந்தியராக்கினார்.

எதிர்ப்பு அமைப்பாகிறது

1965இல் லாஸ் ஏஞ்சலஸில் மாக்கோ உள்ளிட்ட நடிகர்கள் 'ஈஸ்ட் வெஸ்ட் ப்ளேயர்ஸ்' நாடகக்குழுவைத் தொடங்கினார்கள். வாய்ப்புக்காகக் காத்திருப்பதைவிடத் தாங்களே மேடை அமைத்துக்கொள்வது என்ற முடிவு அது. வாதம் உச்சத்துக்குப் போனதும் நாடக மேடையில்தான். லண்டனில் 'மிஸ் சைகான்' நாடகத்தில் யுரேசியத் தரகராக நடித்த ஜோனதன் ப்ரைஸ் நியூயார்க்கிலும் நடிப்பதை 1990இல் நடிகர் சங்கமான ஈக்விட்டி மறுத்தது. தயாரிப்பாளர் கேமரன் மக்கின்டாஷ் நாடகத்தையே ரத்து செய்வதாக அறிவித்தார். சில நாட்களில் சங்கம் பின்வாங்கியது. ப்ரைஸ் நடித்து டோனி விருதும் வாங்கினார். நடிப்பு என்பதே இன்னொருவராக மாறுவது, அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கலாமா என்பது ஒரு தரப்பின் கேள்வி. அப்படியானால் ஹாம்லெட்டாக எத்தனை சீனரை அழைத்தீர்கள் என்பது மறுதரப்பின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. அதனால் முதல் கேள்வியின் நியாயமும் எடுபடவில்லை.

வெள்ளையடித்தல்

பொய்க் கண்ணும் பொய்ப் பல்லும் போனபின் வேறொரு உத்தி வந்தது. வேடம் போடுவதற்குப் பதிலாகப் பாத்திரத்தையே வெள்ளையராக்கிவிடுவது. எம்.ஐ.டி. மாணவர்களின் சூதாட்டக் குழுவைப் பற்றிய '21' படத்தில் (2008), நிஜக் குழுவில் ஆசியர் பலர் இருந்தும் முதன்மை வேடம் வெள்ளையருக்குப் போனது. அந்த ஆண்டின் இறுதியில் 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' படத்துக்கு நடிகர் தேர்வு அறிவிக்கப்பட்டதும் இணையத்தில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஆசியப் பண்பாட்டின்மேல் எழுப்பிய கார்ட்டூன் தொடரின் நாயகர்கள் எல்லாரும் வெள்ளையராகி, எதிரி நாட்டு இளவரசனாக மட்டும் தேவ் படேல் வந்தார். இயக்கியவர் புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்த, தமிழ்த் தாயின் மகனான மனோஜ் நைட் ஷ்யாமளன். தம் படத்தில் பல இனத்தவரும் இருக்கிறார்கள் என்று அவர் வாதிட்டார். இயக்குநர் ஆசியரானால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்தப் படத்தோடு உடைந்தது.

2017இல் ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்த 'கோஸ்ட் இன் தி ஷெல்' வேறொரு சிக்கலைக் காட்டியது. மூல ஜப்பானிய அசைபடத்தை இயக்கிய மமோரு ஓஷியே அந்தத் தேர்வில் தவறில்லை என்றார். ஜப்பானில் இருப்பவர் நாள்தோறும் தம் முகத்தைத் திரையில் பார்க்கிறவர். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியருக்கு அது கிடைப்பதில்லை. குறை யாருடையது என்று பிரித்துப் பார்க்காமல் ஜப்பானியரே எதிர்க்கவில்லையே என்று கேட்பது அரைகுறை வாதம். அதே ஆண்டு 'ஹெல்பாய்' படத்தில் ஆசியப் பாத்திரத்துக்குத் தேர்வான எட் ஸ்க்ரைன் தாமாகவே விலகினார். வேடம் டேனியல் டே கிம்முக்குப் போனது.

2018இல் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' பெரும் வசூல் செய்தது. 1993இல் வந்த 'தி ஜாய் லக் கிளப்'புக்குப் பிறகு, ஆசியரையே பெரும்பாலும் கொண்டு இக்காலக் கதை சொன்ன பெரிய ஸ்டுடியோ படம் இதுதான் என்றார்கள். சிங்கப்பூரில் கேட்ட குரல் வேறு. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள, மலாய்க்காரரும் இந்தியரும் சேர்ந்து வாழும் நாட்டில், படத்தின் பழுப்பு முகங்கள் மாளிகை வாசலில் காவல் நின்றதோடு சரி. ஆசியர் என்ற சொல்லுக்குள்ளும் முன்வரிசை, பின்வரிசை உண்டு என்பதை அமெரிக்க விமர்சகர்களைவிடச் சிங்கப்பூர்க்காரர்களே தெளிவாகச் சொன்னார்கள்.

இன்றைய நிலை

2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்கர் நடிப்புப் பிரிவுகளின் இருபது பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போயின. அதை எதிர்த்துப் பெரிய இயக்கம் எழுந்தது. 2023இல் மிஷெல் யோ, தாம் பின்னர் வென்ற சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, தம்மை ஆசியர் என்று அறிவித்துக்கொண்டவர்களில் முதல்வர் என்று ஏடுகள் கவனமாக எழுதின. ஓபரான் அந்தப் பட்டியலில் முன்னரே இருந்ததால்தான் இந்தச் சொற்கவனம். தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அனன்பெர்க் ஆய்வு, 2007 முதல் 2019 வரை அதிகம் ஓடிய 1,300 படங்களில் ஆசிய, பசிபிக் தீவினர் முதன்மை வேடம் ஏற்றவை 44 என்றது. அவற்றில் 14 டுவெய்ன் ஜான்சன் ஒருவருடையவை.

2020இல் அகாதமி அறிவித்த பன்முகத்தன்மை விதிகள் 2024ஆம் ஆண்டு விருதுவிழாவிலிருந்து சிறந்த படப் பிரிவுக்குக் கட்டாயமாகின. திரையில் யார், படைப்புக் குழுவில் யார், பயிற்சி வாய்ப்பு யாருக்கு, விளம்பர, விநியோகப் பொறுப்பில் யார் என்ற நான்கு தகுதிகளில் இரண்டு இருந்தால் போதும். ஆகவே கடைசி இரண்டை மட்டும் நிறைவேற்றி, திரையில் ஒரே ஓர் ஆசிய முகமும் இல்லாத படம் இன்றும் சிறந்த படத்துக்குப் போட்டியிடலாம்.